கவுதாரிக்காக ஓடிய ஓட்டம்

1

இந்தச் சனிக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. என் இடது தோளில் இன்னும் மூன்று ஈயக் குண்டுகள் இருக்கின்றன. குண்டு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடுகுக்கும் மிளகுக்கும் நடுவில் ஓர் அளவு. நாலை எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் ஆழத்தில் கிடக்கின்றன, தோண்டினால்தான் ஆபத்து, அப்படியே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குளிர் ஏறும்போது வலிக்கும். சுட்டது என் மகள்.

ராயபுரத்தில் இருக்கும் சாகுல் அண்ணனிடம்கூட இதுவரை 'பட்டறையில அடிபட்டுச்சு' என்றுதான் சொல்லியிருக்கிறேன். கூடப்பிறந்தவரிடமே மறைத்ததை இப்போது ஊருக்கே எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ போட சமையலறைக்குப் போனேன். மேசையில் மகள் ரிஸ்வானாவின் விண்ணப்பத் தாள்கள் கிடந்தன. வரும் மாதத்தோடு அவளுக்குப் பதினெட்டு. காட்டு உயிர்களைக் காக்கும் அதிகாரி வேலைக்கு இங்கே ஒரு இரண்டு வருடப் படிப்பு உண்டு. அதில் சேர்ந்தே தீருவேன் என்று பதினாலு வயதிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: துப்பாக்கி விபத்து எதற்காவது நீங்கள் காரணமாக இருந்ததுண்டா?

'ஆம்' கட்டத்தில் டிக் அடித்திருந்தாள். கீழே அவளுடைய உருண்டைக் கையெழுத்தில், ஆங்கிலத்தில், மூன்று வரி. 'என் தந்தை தன் இடத்தில்தான் நின்றிருந்தார். நான் கவனிக்காமல் சுட்டேன். தவறு முழுக்க என்னுடையது.'

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கக்கூடத் தோன்றவில்லை. ஏனென்றால் நான் என் இடத்தில் நிற்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நின்றேன் என்று அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தவன் நான்.

2

சஸ்காச்சுவான் என்றால் நம் பக்கம் யாருக்கும் தெரியாது. கனடாவில் இருக்கிறது, கோதுமை விளையும், அவ்வளவு போதும். நான் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். எண்ணூரில் செய்த அதே வேலைதான். அங்கே வியர்க்கும், இங்கே விறைக்கும். வந்த முதல் வாரம் என் மனைவி மைமூன் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு, "இன்னாங்க ஊரு இது, ஒருத்தர்கூட சத்தமா பேசமாட்றாங்க" என்று அழுதாள்.

ரிஸ்வானாவுக்கு அப்போது ஐந்து வயது. அவள் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ், அதாவது சுத்தமான ராயபுரம். இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனால் பக்கத்து நகரத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கும். கொண்டு போய்ச் சேர்த்தேன். அங்கே ஓர் அம்மையார், "கீது என்று சொல்லக்கூடாது கண்ணா, இருக்கிறது என்று சொல்ல வேண்டும்" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷிதான், வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அன்றோடு என் மகள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்களிடமும் ஆங்கிலம்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பசித்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் மைமூன் அவளைக் கொஞ்சம் பசிக்க விடுவதும் உண்டு.

அந்தப் பெண் போன வருடம் ஒரு நாள் ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். துப்பாக்கி உரிமம். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பக்கத்து வீட்டு டெனிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். அக்டோபர் ஆனால் நாயைக் கூட்டிக்கொண்டு பறவை சுடப் போவார். இங்கே பாதி ஊர் போகும். நம் ஆட்கள் ஆடித் திருவிழாவுக்குப் போவது எப்படியோ அப்படி இவர்களுக்கு அது. டெனிஸ்தான் இவளைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"பொம்பளப் புள்ள கைல துப்பாக்கியா? உங்களுக்கு புத்தி கீதா? கையெழுத்து போட்டீங்க, நான் சோறு போட மாட்டேன்" என்றாள் மைமூன்.

நானும் மாட்டேன் என்றுதான் இருந்தேன். அப்போது ரிஸ்வானா என்னைப் பார்த்து, எத்தனையோ மாதம் கழித்து, பசிக்காமலேயே தமிழில் கேட்டாள்: "அத்தா, நான் சுட்டு எட்டாந்தா நீங்க துன்னுவீங்களா?"

பேனாவை எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

3

சாப்பிடுவதா இல்லையா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாகுல் அண்ணனுக்கு ராயபுரத்தில் கோழிக்கடை. எண்ணூர் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் காலை இரண்டு மணி நேரம் நான்தான் அங்கே அறுப்பேன். பிஸ்மி, அதாவது ஆண்டவன் பேர், சொல்லி ஒரே இழுப்பு. உயிர் இருக்கும்போது அறுத்தால்தான் எங்களுக்கு ஆகும். அதற்கு முன் செத்துவிட்டால் எவ்வளவு ஆசையாக வாங்கி வந்திருந்தாலும் தொட மாட்டோம்.

காத்திவாக்கம் ஏழுமலை என்னோடு வேலை பார்த்த தோஸ்து. காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகம் வருவதற்கு முன்னால் சவுக்கும் முள்ளுப்புதருமாகக் கிடந்த இடத்தில் வலை வைத்துக் கவுதாரி பிடிப்பான். பிடிக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. எங்கள் இருவர் காதிலும் அது விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்ததை உயிரோடு சாக்கில் போட்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சைக்கிள் மிதித்து எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க ஓட்டிக்கொண்டு கடைக்கு வருவான். வரும்போதே கத்துவான்.

"மாமு, கத்திய எடு! நான் அறுத்தா நீ துன்ன மாட்டே. நீ அறுத்தா ரெண்டு வூட்லயும் துன்னலாம். ஓடியா, தல தொங்குது பாரு, பூடப்போவுது!"

நான் வாடிக்கையாளரை விட்டுவிட்டு ஓடுவேன். ஒரு தடவைகூட எனக்கு முன்னால் எந்தப் பறவையும் செத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

அதே கடையில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் தெருவில் இரண்டு கோஷ்டிக்கு அடிதடி. சத்தம் கேட்டு, கையில் இருந்த கத்தியோடு வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தேன். ஜீப் வந்தது. "இது கோழிக்கடை கத்தி சார்" என்று உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னவனைச் சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். எப்படி உட்கார வைத்தார்கள் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. சாகுல் அண்ணன் வந்து அழைத்துப் போனார். வீட்டு வாசலில் நிறுத்திச் சொன்னார்.

"இன்னாமா உண்மை பேசுறே நீ? யூனிபாரம் போட்டவன் கேட்டா சும்மா நின்னுகினு இருந்தேன்னு சொல்லு, முடிஞ்சுது. கத்தின்ற பேச்சே வாய்ல வரக்கூடாது. நம்ம பேருக்கு அது ஆவாது ஜாபரு."

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. அந்தப் பாடம் உடம்பில் ஏறிவிட்டது.

4

கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்: துப்பாக்கியால் சுட்ட பறவை நமக்கு ஆகுமா?

"யாரு சுடப் போறது?"

"இங்க ஒரு தோஸ்துண்ணே."

"உனக்கு வேற சோலியே கெடைக்கலியா?" என்றார். ஆனாலும் மறுநாள் குரல் செய்தி வந்தது. "பள்ளிவாசல் ஹஜ்ரத்தாண்ட கேட்டேன். பிஸ்மி சொல்லி சுட்டாலும் குண்டுல செத்ததுல கருத்து வேறுபாடு கீதாம். உசுரோட கைக்குக் கெடச்சா அறுத்துடு, பேஜாரே இல்லன்னாரு."

ஆகவே உயிரோடு கைக்குக் கிடைக்க வேண்டும். சமையலறையிலிருந்து சின்னக் கத்தி ஒன்றைத் தீட்டி, துணியில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டேன்.

வயலோரம் காரை நிறுத்தியதும் டெனிஸ் இரண்டே விதி சொன்னார். மூன்று பேரும் ஒரே வரிசையில் நடக்க வேண்டும், யாரும் ஓர் அடிகூட முந்தக்கூடாது. பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் சுட வேண்டும், புல்லோ மரமோ தெரிந்தால் கூடாது. இன்னொன்றும் ரிஸ்வானாவுக்குச் சொன்னார். பறவை காலடியிலிருந்து எழும்பும். பதறிப்போய் உடனே சுட்டால் குண்டுகள் சிதறாமல் ஒரே கட்டியாகப் போய் அடிக்கும், இறகுதான் மிஞ்சும். இருபது தப்படி போகவிட்டுச் சுட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் கையில் துப்பாக்கி இல்லை, விதி எனக்கு எதற்கு என்று ஒரு மூலையில் நினைத்திருப்பேன் போல.

வலது பக்கம் டெனிஸும் நாயும், நடுவில் ரிஸ்வானா, இடது கோடியில் நான். மூவருக்கும் ஆரஞ்சுத் தொப்பி. முழங்கால் உயரப் புல். ஒரு மணி நேரம் நடந்தும் ஒன்றும் எழும்பவில்லை. ரிஸ்வானா நடுநடுவே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவளும் நானும் பேசாமலேயே சந்தோஷமாக இருந்த ஒரு மணி நேரம் அது.

5

பத்துப் பன்னிரண்டு பறவைகள் ஒரே நேரத்தில் அவள் காலடியிலிருந்து கிளம்பின. இங்கத்துக் கவுதாரி. நம்முடையதைவிடக் கொஞ்சம் கொழுப்பு, கழுத்தில் கொஞ்சம் செம்மை, மற்றபடி அதே முகம். ரிஸ்வானா பதறவில்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்து, போகவிட்டு, போகவிட்டு, சுட்டாள். ஒன்று விழுந்தது. மற்றவை பறந்த திக்கில் நாய் ஓட, அதை அதட்டிக்கொண்டு டெனிஸ் பள்ளத்தில் இறங்கி மறைந்தார்.

விழுந்தது புல்லுக்குள் சிறகடித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்னும் அரை நிமிடம், அதற்கு மேல் தாங்காது. துணியை உதறிக் கத்தியை எடுத்தேன். ஓடினேன்.

விதி ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். வந்தது. 'நாலு அடிதானே, என் மகதானே' என்று சேர்ந்தே வந்தது.

கவுதாரிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு சோம்பேறிகள் உண்டு. மற்றவை பறந்த பிறகும் படுத்துக் கிடக்கும். ஏழுமலைக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒன்று நான் ஓடிய ஓட்டத்தில் என் காலடியிலிருந்தே எழும்பித் தாழ்வாகப் பறந்தது. ரிஸ்வானாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டாவது தோட்டா மிச்சம் இருந்தது. சத்தம் கேட்டது, யாரோ தோளில் மண்வெட்டியால் அடித்தது மாதிரி இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தா! அத்தா!"

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். என் சட்டை நனைந்துகொண்டிருந்தது. டெனிஸ் பள்ளத்திலிருந்து ஏறி வருவது தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் தரை அணில் தோண்டிய வளை ஒன்று இருந்தது. வலது கையால் கத்தியை அதற்குள் திணித்து மண்ணைத் தள்ளி மூடினேன். மகள் முகம் வெளுத்துப்போய் நிற்கிறாள், அவளைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, "பயப்படாதே" இல்லை.

"யாராண்டயும் ஒண்ணும் சொல்லாதே."

6

குண்டுக்காயம் என்றால் ஆஸ்பத்திரி அரசாங்கத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சீருடை போட்ட வனவிலங்கு அதிகாரி ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். சுட்ட நேரத்தில் எங்கே இருந்தீர்கள்?

அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பம் போய் எட்டு மாதம். என் பெயர் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். கையில் கத்தியோடு புல்லுக்குள் ஓடினேன் என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வேன்? ராயபுரத்துத் தமிழிலேயே சொல்லி நான் தப்பவில்லையே.

"என் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன் சார்."

ரிஸ்வானா கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். அதிகாரி அவள் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாம்" என்றாள். டெனிஸ் தான் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அது உண்மைதான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வரிசையில் நின்ற ஒருவர் திசையில் கவனமின்றிச் சுட்டதற்காக உரிமம் ரத்து, பாதுகாப்பு வகுப்பை மறுபடியும் படிக்க வேண்டும், பதிவேட்டில் பெயர். கடிதத்தை அவள் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தாள். மைமூன் மூன்று நாள் அவளைத் திட்டித் தீர்த்தாள். "பெத்த அப்பனையே சுட்டுட்டியேடி!" நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சீ, என்ன மனுஷன் நான்!

வசந்தத்தில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தோம். கையைத் தூக்கி நின்றபோது, இனி பயமில்லை, நாளைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது, போனது. கோடை வந்தது. ரிஸ்வானா துப்பாக்கியைத் தொடவில்லை. டெனிஸ் வீட்டுக்கும் போகவில்லை. என்னோடு பேச்சு, 'சரி', 'இல்லை', 'சாவி எங்கே', அவ்வளவுதான். என் பொய்க்கு எனக்குத் தண்டனை தருகிறாள் என்று புரிந்துகொண்டேன். தரட்டும், நியாயம்தான் என்று இருந்தேன்.

7

நாலாம் பக்கத்தைப் படித்த இரண்டாம் நாள் பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொன்னேன். தோள் வலியால் ஸ்டீயரிங்கைத் திருப்புவது சிரமம் என்பதால் ரிஸ்வானாதான் எனக்கு டிரைவர். எங்கே போகிறோம் என்று அவளிடம் சொல்லவில்லை. வனவிலங்கு அலுவலக வாசலில் நிறுத்தச் சொன்னதும் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்தாள். "எதுக்கு?" என்றாள். "தோ வரேன், இரு" என்று இறங்கிவிட்டேன்.

உள்ளே வேறு ஓர் அதிகாரி, பெண், மைமூன் வயது. எல்லாவற்றையும் சொன்னேன். ஓடியது, பறவை, கத்தி, வளை, பிஸ்மி. என் ஆங்கிலம் காலை வாரிக்கொண்டே இருந்தது. 'அறுக்க' என்பதற்கு வந்த வார்த்தை கொலைகாரன் பேசுகிற மாதிரி இருந்தது, திருத்திச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். கத்தியைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். பிஸ்மிக்கு ஸ்பெல்லிங் என்ன என்று கேட்டார்.

இதற்காகவா ஒரு வருடம் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். பொய் வாக்குமூலம் விஷயமாக உங்களுக்குக் கடிதம் வரும், மகள் பெயரில் இருக்கும் பதிவை மறுபடி பார்ப்பார்கள் என்றார். கையெழுத்துப் போட்டேன்.

காருக்கு வந்தேன். ரிஸ்வானா அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஓடினேன்னு சொல்லிட்டேம்மா. கத்தியையும் சொல்லிட்டேன். அந்த நாலாம் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுது. உன் மேல தப்பே இல்ல."

அவள் அழுவாள், கட்டிப்பிடிப்பாள், குறைந்தது திட்டவாவது செய்வாள் என்று இருந்தேன். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். நான் காத்திருந்த தமிழ், கொஞ்சம் தட்டித் தடவி வந்தது.

"நான் அதுல எழுதுனது உங்கள காப்பாத்த இல்ல அத்தா."

"பின்னே?"

"ரெண்டாவது பறவ தாழ்வா போச்சு. பின்னால வானம் இல்ல. உங்க தொப்பி தெரிஞ்சுது. பாத்தேன் அத்தா. பாத்தேன்... அதுக்குள்ள வெரலு அமுக்கிடுச்சு."

மடியில் கிடந்த தன் விரலைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதேன்னீங்க. சரி, என்னத்தான் காப்பாத்துறீங்கன்னு நெனச்சேன். நான் பாத்துட்டு சுட்டது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒரு வருஷமா நீங்க என் மூஞ்ச பாக்காததும் அதனாலதான்னு நெனச்சேன்."

ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. நான் அவள் முகத்தைப் பார்க்காதது வெட்கத்தினால். அவள் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு பதினேழு வயதில் ஒரு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாள். தோளில் இருப்பது மூன்று குண்டு, அது என்ன பெரிய வலி!

"இல்ல தாயி, எனக்குத் தெரியவே தெரியாது" என்றேன். "சத்தியமா தெரியாது."

அப்போதுதான் அழுதாள். தோளைத் தொடாமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு, ராயபுரத்தில் அழுகிற மாதிரி அழுதாள். வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அலுவலகக் கதவைப் பார்த்தாள்.

"அப்ப நானும் போயி சொல்லணும் இல்ல?"

படிப்பு போய்விடும். நாலு வருடமாக ஒற்றைக்காலில் நின்றது போய்விடும். கைகாட்ட ஆள் இல்லை, பார்த்த சாட்சி இல்லை, இப்போதுதான் நான் உள்ளே போய் எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவள் பேசாமல் இருந்தால் முடிந்தது.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.